ஒருவழியாக 9.78 வந்துவிட்டது!

பாடப்புத்தகத்தில் 9.8 என்று இருக்கும் புவியீர்ப்பு முடுக்கத்தை, உத்தரத்தில் தொங்கவிட்ட தனி ஊசலை வைத்து மூன்று முக்கிய எண்ணுருக்கள் (ஓர் அளவில் நம்பத்தகுந்த இலக்கங்கள்) வரை அளந்துவிட்டேன். சென்னைக்கு 9.78 மீ/வி². லண்டனில் அளந்தால் 9.81 வரும். இரண்டையும் இரண்டே எண்ணுருவில் எழுதினால் இரண்டும் 9.8தான். பூமி சுழல்வதும் நிலநடுக்கோட்டில் புடைத்திருப்பதும் செய்கிற வேலை முழுக்க அந்த மூன்றாவது எண்ணுருவில்தான் தெரியும்.

ஊசலின் நீளத்தை வேண்டுமென்றே 994.2 மி.மீ. வைத்தேன். ஆங்கில இயற்பியலாளர் ஹென்றி கேட்டர் 1817 வாக்கில் லண்டனில் அளந்த வினாடி ஊசலின் (போக ஒரு வினாடி, வர ஒரு வினாடி, ஆக ஓர் அலைவுக்கு இரண்டு வினாடி) நீளம் ஏறக்குறைய இதுதான். அங்கே இது 100 அலைவுக்கு 200.0 வினாடி எடுக்கும். என் வீட்டில் சராசரி 200.3. மொத்த விஷயமும் அந்த 0.3 வினாடிக்குள் அடங்கிவிடுகிறது! 1821-இல் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் இதே நோக்கத்தோடு மெட்ராஸ் வானாய்வகத்தில் ஊசல் ஆட்டியிருக்கிறார். அதே ஊரில் நானும் ஆட்டிப் பார்த்ததில் தனி சந்தோஷம்.

குண்டு, புதுப்பேட்டையில் வாங்கிய ஒரு அங்குல பேரிங் குண்டு. வெர்னியர் அளவுகோலில் விட்டம் 25.40 மி.மீ. கடைசிப் பூஜ்ஜியத்தை விட்டுவிடாதீர்கள், அது அளந்து எடுத்த பூஜ்ஜியம். ஆனால் ஆரம் 12.70-ஐ நூலின் 981.5-உடன் கூட்டும்போது விடை 994.2தான். நூலை அளந்த ஸ்கேல் ஒரு தசம இடத்தோடு நிற்கிறது, வெர்னியரின் நுட்பம் அங்கே கரைந்துவிடும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது மேல்முனை. ஆணியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டால், ஆடும்போது நூல் ஆணியின் வளைவில் சுற்றிச் சுற்றிப் பிரியும். ஊசல் உண்மையில் எங்கிருந்து தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே 1 மி.மீ. தடுமாறினால் விடையில் 0.01 போய்விடும், அதாவது நான் தேடுகிற எண்ணுருவே போய்விடும். பள்ளி ஆய்வகத்தில் நூலைக் கவ்வ வைக்கும் பிளந்த கார்க்கும் எனக்குச் சரிப்படவில்லை, அதன் விளிம்பு மழுங்கிவிடுகிறது. கடைசியில் இரண்டு எஃகுப் பட்டைகளின் கீழ்விளிம்பை அரத்தால் நேராக்கி, நடுவில் நூலை வைத்து இரண்டு போல்ட்டால் இறுக்கினேன். விளிம்பு கூர்மையாக இருந்தால் நீளம் தொடங்கும் இடம் பளிச்சென்று தெரிகிறது. நூல், பின்னல் வகைத் தூண்டில் நூல். சாதா நைலான் நரம்பு குண்டின் எடையில் நீள்கிறது. எந்த நூலானாலும் குண்டு தொங்கும்போதே அளக்க வேண்டும்.

டேப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: முனைக் கொக்கி ஆடும்படிதான் செய்திருப்பார்கள். 10 செ.மீ. கோட்டிலிருந்து அளந்து கழித்துக்கொள்ளுங்கள்.

வீச்சையும் கவனிக்க வேண்டும். 5 பாகை இழுத்துவிட்டால் அலைவுநேரம் 0.05 விழுக்காடு கூடும், 2.003 என்பது 2.004 ஆகிவிடும். 2 பாகைக்குள், அதாவது மூன்றரை செ.மீ.க்குள் விட்டால் அந்தத் தொல்லை இல்லை. எண்ணுவதை ஓரத்தில் ஆரம்பிக்காமல், குண்டு வேகமாகக் கடக்கும் நடுக்கோட்டில் ஆரம்பித்தேன்.

இனி கணக்கு. முடுக்கம் = 4π² × நீளம் ÷ அலைவுநேரத்தின் வர்க்கம். கால்குலேட்டர் 9.7829897 என்று காட்டியது. நீளம் 0.9942, அலைவுநேரம் 2.003, இரண்டும் நான்கு எண்ணுரு. பெருக்கல் விதிப்படி (உள்ளே போன அளவுகளில் எத்தனை எண்ணுருவோ விடையிலும் அத்தனை) 9.783 என்று எழுதலாம். நான் எழுதவில்லை. காரணம், அலைவுநேரம் வர்க்கத்தில் வருகிறது. 200.3-க்குப் பதில் 200.2 போட்டுப் பாருங்கள், விடை 9.793. கைவிரலின் 0.1 வினாடித் தடுமாற்றத்துக்கே 0.01 நகர்கிறது என்றால், 9.783-இல் இருக்கும் அந்த 3 நான் சம்பாதித்தது அல்ல. எண்ணுரு விதி நல்ல வழிகாட்டி, ஆனால் பிழையைக் கையால் போட்டுப் பார்ப்பதற்கு ஈடாகாது. ஸ்டாப்வாட்ச் நூறில் ஒரு பங்கு வினாடி காட்டுகிறதே என்று அதையும் எழுதி வைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

இன்னொன்று, இதை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும். இதே அளவுகளில் பைக்கு (π) 3.14 போட்டால் விடை 9.77. 22/7 போட்டால் 9.79. அளவெடுக்க அவ்வளவு பாடுபட்டுவிட்டு, மாறிலியைச் சுருக்கியே மூன்றாவது எண்ணுருவைத் தொலைக்கலாமா? இடைக்கணக்கில் கால்குலேட்டரின் எல்லா இலக்கமும் இருக்கட்டும், முழுமைப்படுத்துவது கடைசியில் ஒரே ஒரு முறை.

அடுத்து நான்காவது எண்ணுரு. ரிச்சி தெருவில் அகச்சிவப்பு உணரி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், நேரத்தை அது பார்த்துக்கொள்ளும். அப்போது நீளம்தான் முட்டுக்கட்டை, 0.1 மி.மீ. வரை தெரிய வேண்டும். எஃகுக் குண்டின் மேல் காற்றின் மிதப்பு விசை விடையை 0.0015 அளவுக்குக் குறைத்துக் காட்டும், அதையும் திருத்த வேண்டும். இரண்டு நீளங்களில் ஆட்டி வித்தியாசத்தை எடுத்தால் மேல்முனைச் சிக்கல் தானாக அடிபட்டுப்போகும். ஆனால் நீளங்கள் நெருக்கமாக இருந்தால் கழித்தலில் எண்ணுருக்கள் உதிரும், அதனால் பாதிக்குப் பாதியாக 497 மி.மீ.க்கு இன்னொரு நூல் வெட்டி வைத்திருக்கிறேன். உணரி வருவதற்குள் பட்டைகளின் விளிம்பை இன்னும் ஒருமுறை தேய்க்க வேண்டும், இடது ஓரத்தில் ஒரு சிறு பிசிறு கண்ணில் படுகிறது.