வாசம் வேண்டுமென்றால் நேரம் பார்த்துச் செடி வையுங்கள்

குண்டுமல்லி மொட்டு பொழுது சாயும்போதுதான் வாய் திறக்கும். பவளமல்லி இரவில் மலர்ந்து, விடியும்போது தரையில் கிடக்கும். இரவு ராணி பகல் முழுக்க ஒரு பச்சைச் செடி, அவ்வளவுதான். இருட்டிய பிறகுதான் அது அங்கே இருப்பதே தெரியும். பன்னீர் ரோஜாவுக்கு வெயில் ஏறுவதற்கு முன்பான காலைப் பொழுதுதான் உச்சம். வாசனைச் செடி வாங்குவதற்கு முன்னால் நீங்கள் தோட்டத்தில் எந்த நேரத்தில் இருப்பீர்கள், எங்கே உட்காருவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே போகாதவருக்கு இரவு ராணியால் என்ன பயன்?

வெள்ளைப் பூக்கள் பலவும் இருட்டில் மணப்பதற்குக் காரணம் உண்டு. அவை கூப்பிடுவது இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளை. நிறத்தை நம்பிப் பயனில்லாத நேரம் என்பதால் முழுச் சக்தியையும் மணத்தில் போடுகின்றன.

நேரத்துக்கு அடுத்தது காற்று. மணம் காற்றோடு வரும், காற்று பலமாக அடித்தால் அதோடு போயும் விடும். நீங்கள் உட்காரும் இடத்துக்கு எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறதோ அந்தப் பக்கத்தில், ஏழெட்டு அடி தள்ளிச் செடி இருக்க வேண்டும். இரண்டு சுவர் சேரும் மூலை கிடைத்தால் விடாதீர்கள். அங்கே காற்று தங்கும், வாசமும் தங்கும். இரவு ராணிக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அது நெருக்கத்தில் தலைவலியே கொடுக்கும். படுக்கையறை ஜன்னலிலிருந்து இருபதடியாவது தள்ளி வையுங்கள். அதன் சின்ன வெள்ளைக் காய்கள் விஷம். குழந்தைகளோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் நடவே வேண்டாம் என்பேன்.

வாங்கும்போது ஏமாறும் இடங்கள் இரண்டு. மல்லி என்று கேட்டால் சில நேரம் காக்கடா கைக்கு வரும். பூ கொத்துக் கொத்தாக, அழகாகத்தான் இருக்கும், ஆனால் மணம் அநேகமாக இல்லை. இளந்தண்டையும் இலையின் அடிப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். பூனைமுடி போல மெல்லிய ரோமம் தட்டுப்பட்டால் அது காக்கடா. குண்டுமல்லி இலை வழவழப்பாக இருக்கும். இன்னொன்று, கார்டேனியா என்று சொல்லி அடுக்கு நந்தியாவட்டையைத் தருவது. ஓர் இலையைக் காம்போடு கிள்ளினால் போதும். பால் வந்தால் நந்தியாவட்டை. கார்டேனியாவில் பால் கிடையாது, அதன் பூவும் முதிர முதிர மஞ்சளாகும். நந்தியாவட்டை நல்ல செடிதான், ஆனால் கார்டேனியாவின் கனத்த வாசத்தை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. முடிந்தவரை பூத்திருக்கும் செடியை முகர்ந்து பார்த்தே வாங்குங்கள்.

இனி குண்டுமல்லி. ஆசைப்பட்டு வைத்து அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான், குறையும் பெரும்பாலும் செடியில் இல்லை. நேரடி வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். மரநிழலில் வைத்தால் இலை கரும்பச்சையாகச் செழித்து, கொடிபோல நீண்டு, பூவே காட்டாது. ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணோடு ஐந்து கிலோ மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம்பிண்ணாக்கு, நூறு கிராம் எலும்புத்தூள் கலந்து நிரப்பி, ஒரு வாரம் ஆறவிட்டு நடுங்கள். செடிக்குச் செடி நாலடி. தொட்டியென்றால் 14 அங்குல வாய் உள்ளதாக, அடியில் வடிகால் துளைகளோடு இருக்கட்டும். மண், மக்கிய எரு, மணல் மூன்றும் சம அளவு போதும்.

மல்லி பூப்பது புதுத் தளிரின் நுனியில். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். பழைய கிளை எவ்வளவு தடித்தாலும் அதன் வேலை தளிர் விடுவதுதான். அதனால் கவாத்து செய்யாத செடி வருஷத்துக்கு வருஷம் உயர்ந்துகொண்டே போய், எட்டாத உயரத்தில் நாலு பூ பூக்கும். குளிர்காலத்தில், செடி ஓய்ந்திருக்கும்போது, பத்து நாள் தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுங்கள். காய்ந்த குச்சி, உள்நோக்கி ஓடும் கிளை, ஒன்றையொன்று உரசும் கிளை எல்லாம் அடியோடு போகட்டும். மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிட வேண்டும். மொட்டைக் குச்சிகளாக நிற்பதைப் பார்க்க மனசு கேட்காதுதான். கை தயங்கினால் இழப்பு உங்களுக்குத்தான். சுற்றி மண்ணைக் கொத்தி, எருவிட்டு, நன்றாகத் தண்ணீர் கட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் ஒவ்வொரு கணுவிலும் சிவப்புச் சாயலோடு தளிர் எட்டிப் பார்க்கும்.

பூக்கும் காலத்திலும் கத்திரி ஓயக் கூடாது. நுனியில் பெரும்பாலும் மூன்று மூன்றாக மொட்டு வைக்கும். அவை பறித்து முடிந்ததும், அந்தத் தண்டை இரண்டு கணு கீழே வெட்டுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தளிர் கிளம்பும், இரண்டிலும் மொட்டு வரும். பறிக்காமல் செடியிலேயே வாட விட்டால் அடுத்த சுற்று தள்ளிப்போகும்.

உரத்தில் செய்யும் தப்பு யூரியா. தழைச்சத்து கூடினால் செடி இலையிலேயே காலம் கழிக்கும். கவாத்துக்குப் பிறகு ஒரு தடவை, முதல் பூச்சுற்று முடிந்து ஒரு தடவை, இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் வைத்தால் தொட்டிச் செடிக்கு அது தாராளம். இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். முதலில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள், வேர் மூச்சுத் திணறினாலும் இதே அடையாளம்தான். வடிகால் சரியாக இருந்தால் லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலைமேல் தெளியுங்கள்.

மொட்டு அடிப்பக்கம் வீங்கி, ஊதா நிறம் ஏறி, விரியாமலே காய்ந்தால் அது மொட்டு ஈயின் வேலை. நூலாம்படையோடு மொட்டுகள் ஒட்டிக்கொண்டு, துளையும் எச்சமும் தெரிந்தால் மொட்டுப்புழு. இரண்டிலும் கெட்ட மொட்டைப் பறித்து எரித்துவிடுவது பாதி வைத்தியம். கீழே உதிரவிட்டால் ஈயின் புழு மண்ணுக்குள் போய்க் கூண்டு கட்டும். அடிமண்ணை அவ்வப்போது கிளறிவிடுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு சொட்டு சோப்பு, வாரம் ஒருமுறை. இலையில் மணல் தூவினது போல வெளிர்ப்புள்ளி வந்து அடியில் மெல்லிய வலை தெரிந்தால் சிவப்புச் சிலந்திப்பேன். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது ஆகாமல் கந்தகம் தெளிக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இலை கருகிவிடும்.

கார்டேனியா அடம்பிடிக்கும் செடி. அதற்குப் புளிப்பான மண் வேண்டும், காரகாடித்தன்மை (pH) 5-லிருந்து 6-க்குள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் இலை மஞ்சளாகிவிடும். மழைநீர் சேர்த்து வைத்து ஊற்றுங்கள். மண்ணில் இலைமக்கு கணிசமாக இருக்கட்டும். மொட்டு பச்சையாகவே உதிர்வதுதான் இதில் பெரிய வேதனை. ஒருநாள் மண் காய்ந்து மறுநாள் வெள்ளமாகத் தண்ணீர் ஊற்றுவது, மொட்டு வைத்த பிறகு தொட்டியை இடம் மாற்றுவது, இரவு வெப்பம் தணியாதது, மூன்றுமே காரணங்கள். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் அதற்கு ஏற்றது.

வெள்ளைப் பூப் பூக்கும் புதர்ச்செடியான காமினிக்கு இப்படியெல்லாம் செல்லம் தேவையில்லை. வேலியாக வெட்டி வளர்க்கலாம், பகலிலும் எலுமிச்சைப்பூ வாசம் வரும். பத்து நாள் காயவிட்டு, ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் விட்டால் செடி முழுக்க ஒன்றாகப் பூக்கும். ஆனால் வேலியைப் பூக்கும் சமயத்தில் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். எலுமிச்சையும் ஆரஞ்சும் இருக்கும் இடத்தில் இதை வைக்காதீர்கள். அவற்றுக்குப் பசுமைநோய் பரப்பும் சைலிட் என்ற சின்னச் சாறுறிஞ்சும் பூச்சிக்கு இது பிடித்தமான வீடு.

பவளமல்லியைப் பூ முடிந்த கையோடு வெட்டுங்கள். பருவத்துக்குச் சற்று முன்னால் வெட்டினால் அந்த வருஷம் பூ கிடையாது. மனோரஞ்சிதம் கொக்கி போட்டு ஏறும் செடி, பலமான பந்தல் வேண்டும். பூ பச்சையாக இருக்கும்போது பறித்துவிட்டு மணமில்லை என்று சொல்பவர்கள் உண்டு, மஞ்சளாகும்போதுதான் பழவாசம் கிளம்பும்.

மல்லியில் கவாத்து செய்த குச்சிகளை எறியாதீர்கள். பென்சில் தடிமனில், நான்கு கணுவோடு முக்கால் அடித் துண்டுகளாக நறுக்குங்கள். அடி வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல் வெட்டு சாய்வாகவும் இருந்தால் தலைகீழாக ஊன்ற மாட்டீர்கள். இரண்டு கணு மணலுக்குள், இரண்டு கணு வெளியே. நிழலில் ஈரம் காயாமல் வைத்திருந்தால் ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். அதற்கு முன்னால் இலை துளிர்த்துவிட்டதே என்று பிடுங்கிப் பார்க்க வேண்டாம், குச்சியில் மிச்சமிருக்கும் சத்திலேயே இலை வரும். இழுத்துப் பார்க்கும்போது லேசாக எதிர்த்துப் பிடித்தால்தான் தொட்டிக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் வரும் முதல் மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.