மதர்போர்டு மாற்றக் கொடுத்த ஆபீஸ் லேப்டாப்

வீடு திருவொற்றியூர், வேலை பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில். போன மாதம் என் ஆபீஸ் லேப்டாப்பில் சார்ஜ் ஏறவில்லை. வயரை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்தால்தான் விளக்கு எரியும். வாரண்டி இருந்தது. மதர்போர்டையே மாற்ற வேண்டும், மூன்று நாள் விட்டுப் போங்கள் என்றார்கள் சர்வீஸ் சென்டரில்.

சொந்த மெஷினாக இருந்தால் அப்போதே கொடுத்துவிட்டு வந்திருப்பேன். இது கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் ஐடி ஆட்களின் கட்டுப்பாட்டில் இருக்கும் மெஷின். அதனால் திரும்பி வந்து முதலில் ஐடிக்குப் புகார் டிக்கெட் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஐடி தம்பி போன் செய்தார். ஃபைல்களுக்கு இணையத்தில் நகல் வைக்கும் ஒன்டிரைவைப் பற்றித்தான் முதலில் கேட்டார்.

"ஃபைல் எல்லாம் ஒன்டிரைவ்ல ஏறிடுச்சா அக்கா?"

"எல்லாம் ஏறிடுச்சு தம்பி."

"டவுன்லோட்ஸ்?"

திறந்து பார்த்தேன். ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில், இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, செக்லிஸ்ட் என்று எட்டு மாதத்து பிடிஎஃப் அத்தனையும் அங்கேதான் கிடந்தன. எங்கள் ஆபீஸ் செட்டிங்கில் ஒன்டிரைவ் தானாக எடுத்துக்கொள்வது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும்தான். டவுன்லோட்ஸ் அதில் சேராது. பேட்டரி 22 சதவீதம். வயருக்கு ஒரு நோட்டை முட்டுக் கொடுத்து, விளக்கு அணையாமல் கையால் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் டாக்குமென்ட்ஸுக்கு மாற்றினேன். ஒவ்வொன்றிலும் ஏறிவிட்டதைக் காட்டும் பச்சை டிக் விழும்வரை எழுந்திருக்கவில்லை.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். டிஸ்க்கின் பூட்டு தினமும் தானாகத் திறப்பதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் டிபிஎம் சிப். போர்டு மாறினால் அந்தச் சிப்பும் மாறிவிடும், 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் எதையும் எடுக்க முடியாது.

"கொடுக்கும்போது பூட்டை நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நிறுத்தி வைத்தால் டிஸ்க்கைத் திறக்கும் சாவி அந்த டிஸ்க்கிலேயே மூடாமல் கிடக்குமாம், வெளியே போகிற மெஷினில் அது கூடாதாம். "கீ எங்க சர்வர்ல இருக்கு, மெஷின் வந்ததும் கூப்பிடுங்க." எனக்கு அது நியாயமாகப் பட்டது. அதில் இருப்பது எங்கள் வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸ்கள். அப்புறம் மெஷினின் அடிப்படை செட்டிங்கைப் பூட்டும் பயாஸ் பாஸ்வேர்டை எடுக்க வைத்தார், சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டார்.

யுஎஸ்பி போர்ட்டில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகியபடியே இருந்தது. கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில் பில் போட அது வேண்டும். கழற்றிப் பீரோவில் வைத்தேன். மூடியிலும் ஓரத்திலும் இருந்த கீறல்களை போட்டோ எடுத்துக்கொண்டேன்.

சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் கொடுத்த படிவத்தில் பாஸ்வேர்டுக்கு ஒரு கட்டம் இருந்தது. "விண்டோஸுக்குள்ள போகாமலே ஹார்டுவேரை டெஸ்ட் பண்ணலாம்னு எங்க ஐடில சொன்னாங்க" என்றேன். அந்தப் பையன் சரி மேடம் என்று கோடு போட்டுவிட்டார். நீங்களும் அந்தக் கட்டத்தை நிரப்பாதீர்கள்.

நான்காம் நாள் மெஷின் வந்தது. ஆன் செய்ததும் நீலத் திரை, கீ கேட்டது. தம்பி ஆறாறு எண்ணாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, என் மகள் தட்டினாள். எட்டுக் கட்டு. ஐந்தாவதில் ஓர் எண் தப்பிப் போய், அந்தக் கட்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கினோம். எட்டாவது முடிந்து என்டர் அழுத்தியதும் என் டெஸ்க்டாப் படம் வந்தது.

போர்டு மாறியதால் ஆபீஸ் சிஸ்டத்தில் பழைய பதிவை நீக்கி மெஷினைப் புதிதாகச் சேர்க்கும் வேலை ஐடி ஆட்கள் பக்கம் இருந்தது. அது முடிய மாலையாகிவிட்டது. பிரவுசரில் ஃபைல் இறங்கும் இடத்தை டாக்குமென்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, பீரோவிலிருந்து டோக்கனை எடுத்து வந்தேன்.