ஒரு கிலோமீட்டர் பாலம்

எட்டு ஆண்டுகள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தேன். வீடு மலேசியாவின் ஜோகூர் பாருவில், வேலை சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். நடுவே 1924-இல் திறந்த கடற்பாலம். நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஒருநாள் இருபது நிமிடத்தில் கடந்துவிடுவோம். மறுநாள் இரண்டு மணி நேரம் ஆகும். பேருந்து நகராத நாள்களில் இறங்கி நடந்திருக்கிறேன். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய்கள் ஓடும். 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் தண்ணீர் ஆயிரம் கேலன் மூன்று மலேசிய சென்னுக்குச் சிங்கப்பூர் போகிறது. எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குழாய் வறண்ட வாரங்களில் அவற்றைப் பார்த்தபடி நடப்பது மனத்தை அறுக்கும்.

அலைச்சல் தாங்காமல் சிங்கப்பூரிலேயே, ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அறை எடுத்தேன். இரண்டு ஆண்டுகள். மகள் ஜோகூரில் என் அம்மாவிடம் இருந்தாள்.

சிங்கப்பூரில் எனக்கு மிகப் பிடித்தது சம்பளம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது அது பெரிதுதான். ஆனால் நான் இன்றும் ஏங்குவது இரவு வேலை முடிந்து பதினொரு மணிக்கு ஈசூன் நிலையத்திலிருந்து தனியாக நடந்த அந்தப் பத்து நிமிடத்துக்காக. கைப்பையை இறுக்கிப் பிடிக்காமல், பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முப்பத்து நான்கு வயதில்தான் அப்படி நடக்கக் கற்றேன். ஜோகூரில் அந்த நேரத்தில் கடைக்குப் போவதென்றாலும் காரில்தான் போகிறேன்.

தமிழ் விஷயத்தில் என் மனம் வேறு பக்கம் சாய்கிறது. சிங்கப்பூரில் தமிழும் ஓர் ஆட்சிமொழி. வெள்ளித் தாளிலும் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். முதன்முதலாகப் பார்த்தபோது நெகிழ்ந்துபோனேன். ஆனால் வீட்டுக்கார அக்காவின் மகனுக்குத் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. மற்ற எல்லாம் ஆங்கிலத்தில். அங்கிருந்த கடைசித் தமிழ்ப்பள்ளி 1982-இல் மூடப்பட்டது. மலேசியாவில் ரிங்கிட் தாளில் தமிழ் இல்லை. ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் கணக்கையும் தமிழில் படிக்கும் என் மகள் ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்து, "இது கால் பாகம், அம்மா" என்று பின்னம் சொல்லிக் காட்டுகிறாள். அந்த அக்காவின் மகனிடம் பின்னம் என்றேன், அவனுக்குப் புரியவில்லை. நல்ல பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன்.

என் மகளுடைய முதல் பல் விழுந்த செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது அந்த இடைவெளியில் புதுப் பல்லின் வெள்ளை நுனி எட்டிப் பார்த்தது. அடுத்த மாதமே வேலையை விட்டேன்.

இப்போது ஜோகூரிலேயே வேலை. சம்பளம் பாதிகூட இல்லை. காலையில் மகளோடு உட்கார்ந்து பசியாறுகிறேன். தைப்பூசத்துக்கு எங்கள் மாநிலத்தில் பொதுவிடுமுறை. அன்று இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போகிறோம். அங்கே இருந்தபோது அன்றும் வேலைதான்.

ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ஆர்டிஎஸ் எனும் எல்லை தாண்டும் ரயில் ஓடத் தொடங்கினால் பயணம் ஐந்து நிமிடம்தான் என்கிறார்கள். பழைய மேற்பார்வையாளரின் எண்ணை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.