உயரம் 12 அடி: ஆர்வியில் ஓர் இலையுதிர்காலப் பயணத்துக்குத் திட்டமிட்ட அனுபவம்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பொதுவாகத் தேதியைத்தான் முதலில் குறிப்பார்கள். படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்வி வண்டியில் போகிறவர்கள் அதற்கும் முன்னால் வண்டியின் உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்து வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் என்று அக்டோபர் முழுக்கச் சுற்றிவரத் திட்டம் போட்டோம். எந்தச் சாலை, எந்த ஊர், எங்கே இரவு தங்குவது என்பதையெல்லாம் தீர்மானித்தது அந்த ஓர் எண்தான்.

ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பாவின் இன்சுலினுக்குக் குளிர்பதனப் பெட்டி வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி. ராத்திரியில் இரண்டு மூன்று முறை எழுந்திருக்கிற இருவருக்கும் பாத்ரூம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாளுக்கொரு ஹோட்டல், நாளுக்கொரு முறை பெட்டி கட்டுவது என்பது அவர்களுக்குத் தாங்காது. அதனால்தான் வாடகைக்கு ஆர்வி எடுப்பதென்று முடிவு செய்தோம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வகை, 30 அடி நீளம். 26,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட வண்டி என்பதால் சாதாரண கார் லைசென்ஸே போதும்.

அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான். "கொலுவைப் பாதியில விட்டுட்டு நான் எங்கேயும் வர மாட்டேன்டி." அந்த வருஷம் விஜயதசமி அக்டோபர் முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. மறுநாள் பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டேன். இலைகளின் கணக்கும் அதோடு ஒத்துப்போனது. நிறமாற்றம் வடக்கிலும் மலை உச்சிகளிலும் தொடங்கி, தெற்கு நோக்கியும் கடற்கரை நோக்கியும் இறங்கி வருகிறது. பகல் குறுகக் குறுக இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் அந்தப் பருவத்தில் புதிதாக உண்டாவது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் அமைந்தால் அது அழுத்தமாக வரும். ஆகவே முதலில் வெர்மான்ட், பிறகு நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள், அக்டோபர் நடுவில் மெய்ன் கடற்கரையில் அகேடியா தேசியப் பூங்கா, மாதக் கடைசியில் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்ட் குன்றுகள். நிறத்தைத் துரத்தாமல், அது இறங்கிவரும் வழியிலேயே நாங்களும் இறங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

பாதை போடும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். பொதுப்பணித் துறையில் பாலங்களோடு காலம் கழித்தவர். "அவங்க சொல்ற உயரத்தை வச்சுக் கணக்குப் போடக் கூடாதும்மா, டேப் புடிச்சுப் பார்த்துடுவோம்" என்றார். கூரையிலிருக்கும் ஏசியோடு சேர்த்து 11 அடி 10 அங்குலம் வந்தது. 12 என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

கைபேசி வரைபடத்துக்கு வண்டியின் உயரம் தெரியாது. சீக்கிரம் போய்ச் சேரும் வழியைத்தான் அது காட்டும். எங்கள் வீட்டிலிருந்து வடக்கே போகக் கேட்டால், நியூயார்க்கின் ஹட்சின்சன் ரிவர் பார்க்வேயையோ கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயையோ தயங்காமல் காட்டும். இரண்டும் கார்களுக்கென்று கட்டப்பட்ட பழைய சாலைகள். தாழ்வான பாலங்கள் நிறைந்தவை. ஆர்விக்கு அனுமதியே இல்லை. பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவும் அப்படித்தான். ஒவ்வொரு செப்டம்பரிலும் வீடு மாற்றும் மாணவர்களின் வாடகை லாரிகள் அங்கே பாலத்தில் மோதிக் கூரை உரிந்து நிற்பது வழக்கமான செய்தி. உயரமும் நீளமும் கொடுத்தால் அதற்கேற்ற வழி காட்டும் ஆர்வி ஜிபிஎஸ் ஒன்று வாங்கினோம். லாரி ஓட்டுநர்கள் பயன்படுத்தும் ராண்ட் மெக்நாலி அட்லஸில் மாநிலவாரியாகத் தாழ்வான பாலங்களின் பட்டியல் இருக்கிறது. அப்பா அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாள் பாதையையும் சரிபார்த்தார். கடைசியில் 287, 84, 91 என்று இன்டர்ஸ்டேட் பெருநெடுஞ்சாலைகளிலேயே வெர்மான்ட் வரை போவதென்று முடிவானது. பார்க்க அழகில்லாத வழிதான். ஆனால் வயதானவர்களை வைத்துக்கொண்டு போகும்போது, அடுத்த பாலத்தில் என்ன எழுதியிருக்குமோ என்று நெஞ்சு படபடக்காமல் ஓட்டுவது எனக்குப் பெரிய விஷயம்.

பார்க்க ஆசைப்பட்ட இடங்களில் பாதிக்கு ஆர்வி போகவே முடியாது என்பதும் அப்போதுதான் தெளிவானது. வெர்மான்டில் ஸ்டோ என்ற ஊருக்கு மேலே ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்ற கணவாய். பாறைகளுக்கு நடுவே வளைந்து நெளியும் அந்தச் சாலையில் நீள வண்டி சிக்கிக்கொண்டால் அபராதம். வாஷிங்டன் மலை உச்சிக்குப் போகும் சாலையிலும் ஆர்விக்கு இடமில்லை. உச்சிக்குப் போக 1869 முதல் ஓடும் பற்சக்கர ரயில் இருக்கிறது. அகேடியாவில் ஸ்டான்லி புரூக் சாலைப் பாலம் வெறும் 10 அடி 4 அங்குலம். அங்குள்ள கேடிலாக் மலைக்கும் ஆர்வி ஏறக் கூடாது. காரில் ஏறவும் முன்பதிவு தேவை: 30 சதவீத அனுமதிச் சீட்டுகள் 90 நாள் முன்னதாகவும், மீதி 70 சதவீதம் இரண்டு நாள் முன்னதாகக் காலை 10 மணிக்கும் திறக்கின்றன. மழை வருமா என்று தெரிந்தபின் பதிவு செய்யலாம் என்பதால் நாங்கள் இரண்டாவதையே நம்பினோம்.

வாடகை வண்டியின் பின்னால் கார் கட்டி இழுக்க எங்கள் ஒப்பந்தத்தில் அனுமதி இல்லை. அதனால் ஆர்வியைக் கணவர் ஓட்ட, எங்கள் காரை நான் பின்னால் ஓட்டி வருவது என்று ஏற்பாடு. பெட்ரோல் கூடுதல்தான், ஆர்விக்கே ஒரு காலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கிடைக்கும். ஆனால் அந்தக் கார் இல்லாவிட்டால் கேடிலாக் உச்சியில் அம்மா சூரியோதயம் பார்த்திருக்க முடியாது. அகேடியாவின் இலவசப் பேருந்தும் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமையோடு ஓய்ந்துவிடும்.

கொலம்பஸ் தின விடுமுறையான அந்தத் திங்கட்கிழமைதான் எங்கள் திட்டத்தின் மிகப்பெரிய முடிச்சு. அதற்கு முந்தைய சனி, ஞாயிறில் நியூ இங்கிலாந்து முழுக்கக் கூட்டம், இடமே கிடைக்காது. அது முடிந்ததுமே ஆர்விகள் இரவு தங்கும் கேம்ப்கிரவுண்ட்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கும். குழாய்கள் உறைந்துவிடும் என்று தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அகேடியாவின் பிளாக்வுட்ஸ் கேம்ப்கிரவுண்டும் அக்டோபர் நடுவோடு சரி. இணையத்தில் போட்டிருக்கும் தேதிகளை மட்டும் நம்பாமல் ஒவ்வோர் இடத்துக்கும் போன் செய்தேன். கேட்க வேண்டியவை நான்கு: கடைசி நாள் எது, அன்று வரை தண்ணீர் இருக்குமா, 30 அடி வண்டி திரும்ப இடமுண்டா, கழிவு இறக்கும் டம்ப் ஸ்டேஷன் திறந்திருக்குமா. நான்காவது கேள்விக்குத்தான் பல இடங்களில் தயங்கித் தயங்கிப் பதில் வந்தது.

பிளாக்வுட்ஸில் மின் இணைப்பு கிடையாது. ஹீட்டர் புரோபேன் வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடும்; குளிர் இரவில் அது பேட்டரியைக் காலி செய்துவிடும். அதனால் இணைப்பில்லாத இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவு, அடுத்தது கட்டாயம் இணைப்புள்ள இடம் என்று வகுத்தேன். இணைப்பு இருந்தாலும் 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,600 வாட்தான். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பும் 1,500 வாட் ரூம் ஹீட்டரும் ஓடும்போது மிக்ஸியைப் போட்டால் பிரேக்கர் விழும். சட்னி அரைக்கும் முன் "ஹீட்டரை அணைச்சாச்சா?" என்று அம்மா குரல் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தோசை மாவு அந்தக் குளிரில் பொங்காது. முதல் வாரத்துக்கு வீட்டிலேயே பொங்கவைத்து எடுத்துப் போனோம், பிறகு உப்புமாவும் அடையும்.

நம் சமையலில் முதலில் நிரம்புவது பாத்திரம் கழுவிய தண்ணீர் சேரும் டாங்கிதான். எண்ணெய்ப் பாத்திரங்களைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் அது நிரம்ப ஒரு நாள் கூடுதலாகும். இறக்கும்போது கழிப்பறை டாங்கியை முதலில் திறக்க வேண்டும். பாத்திரத் தண்ணீரைப் பிறகு விட்டால் அது குழாயை அலசிக்கொண்டு போகும். உறைபனி எச்சரிக்கை இருந்த இரவுகளில் வெளித் தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, வண்டியின் சொந்த டாங்கியிலிருந்தே எடுத்தோம். விறகு மட்டும் வீட்டிலிருந்து ஏற்றவே இல்லை. மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் பரவுவதைத் தடுக்க, பதப்படுத்தாத வெளிமாநில விறகுக்கு வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மூன்றிலும் தடை; அந்தந்த ஊரில் வாங்கி அங்கேயே எரித்துவிட வேண்டும். அந்தக் காடுகளைப் பார்க்கத்தானே போகிறோம்!

ஒரு நாளைக்கு 150 மைலுக்கு மேல் வேண்டாம், இருட்டுவதற்குள் நிறுத்திவிட வேண்டும் என்று வைத்த வரம்பு நன்றாக உதவியது. வெள்ளை மலைகளின் ஊடே போகும் கங்கமேகஸ் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது என்பதால் லிங்கன் ஊரிலேயே நிரப்பிக்கொண்டு, ஒரு பகல் முழுவதையும் அதற்கென்றே ஒதுக்கினோம். ஓடும் வண்டியில் எழுந்து நடக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள்; கூடாது, எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே ஆக வேண்டும். அம்மா காலை நீட்டிக்கொள்ள அந்தச் சாலையில் நிறுத்த வசதியான இடங்கள் நிறைய இருந்தன. ஸ்விஃப்ட் ஆற்றங்கரையில் நிறுத்தி, புளியோதரையைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு, சிவப்பும் ஆரஞ்சுமாக நிற்கும் மலையைப் பார்த்தபடி அப்பா அங்கேயே ஒரு மணி நேரம் தூங்கினார்.

திரும்பும்போது பாஸ்டனைத் தொடாமல் 495 நெடுஞ்சாலை வழியாக வந்து, ஆஷ்லண்ட் லக்ஷ்மி கோயிலில் தரிசனம் செய்துகொண்டு, லிட்ச்ஃபீல்ட் பக்கம் போனோம். அங்கே ஓக் மரங்கள் அப்போதுதான் பழுப்புச் சிவப்பாகிக்கொண்டிருந்தன. வண்டியை ஒப்படைப்பதற்கு முந்தைய இரவை மட்டும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள, மாதக் கடைசி வரை திறந்திருக்கும் கேம்ப்கிரவுண்டில் முன்பே பதிவு செய்திருந்தேன். டாங்கிகளைக் காலி செய்து, புரோபேன் நிரப்பி, சாமான்களைக் காருக்கு மாற்றி, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கையும் மைல்கணக்கையும் படமெடுத்துக்கொண்டோம். காலை 11 மணிக்குள் சாவியைக் கொடுக்க வேண்டும். 10 மணிக்கே கொடுத்துவிட்டோம்.