மரவில்லுக்கு நாண் எத்தனை இழை?

டேக்ரான் பி-50 என்ற பாலியஸ்டர் நூல் என்றால் பழைய கணக்கே போதும். 35 முதல் 45 பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்கு 12 இழை, 45 முதல் 55 வரை 14, அதற்கு மேல் 16. இழை கூடினால் நாண் கனமாகி அம்பின் வேகம் கொஞ்சம் குறையும். எனக்கு அது பெரிய நட்டமில்லை. வில் சத்தமில்லாமல் எய்யும், நாணும் நெடுநாள் உழைக்கும்.

டைனீமா என்ற செயற்கை இழை கலந்த நூல்கள் மெல்லியவை, பலமானவை, கிட்டத்தட்ட நீளுவதே இல்லை. ஆபத்தும் அதில்தான். முனை வலுவூட்டாத பழைய மரவில்லில் தயவுசெய்து அதைப் பூட்டாதீர்கள். எய்யும்போது வரும் அதிர்ச்சி முழுக்க முனையில் இறங்கி, நாண் உட்காரும் இடமே பிளந்துவிடலாம்.

1545இல் மூழ்கி 1982இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கிடைத்த அம்புகளில், நாண் நுழையும் பிளவு சுமார் 3 மில்லிமீட்டர்தான். அந்த விற்களின் இழுவிசையோ 100 பவுண்டுக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு மெல்லிசாக, அவ்வளவு உறுதியாக நாண் முறுக்கிய கைகளை நினைத்தால் சிலிர்க்கிறது.

அப்புறம், அம்பின் நாக், அதாவது வால் முனையில் நாண் நுழையும் பிளவு, நாணுக்குப் பொருந்துவது. அதற்காக இழையைக் கூட்டிக் குறைக்க வேண்டாம். நாணின் நடுவில் சுற்றும் சர்விங் நூலின் தடிமனை மாற்றினாலே சரியாகிவிடும். வில்லைக் கிடையாகப் பிடித்து அம்பை நாணில் மாட்டித் தொங்கவிடுங்கள். தானாக நிற்க வேண்டும், நாணை விரலால் தட்டினால் விழ வேண்டும். தளர்வாக இருந்தால் அம்பு நழுவி, வெறும் நாண் அடித்து வில்லே உடையக்கூடும்.