மார்ச் மாதத்து ரினியூவல்கள்

வீடியோ மீட்டிங் சேவை விற்கும் எங்கள் தொழிலில் மார்ச்சில் இருந்து ஜூன் வரை உள்ள மாதங்கள்தான் நிஜ நிலவரத்தைச் சொல்லும். 2020 ஊரடங்கில் அவசர அவசரமாக வாங்கிய ஓராண்டு லைசென்ஸ்கள் ஒவ்வொரு வருடமும் அப்போதுதான் புதுப்பிக்க வருகின்றன. கோவையில் உள்ள ஒரு ரீசெல்லர் நிறுவனத்துக்காக, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் இருந்தபடி அந்த ரினியூவல்களைக் கவனிப்பது என் வேலை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகள், பொள்ளாச்சியின் தென்னைநார் ஏற்றுமதியாளர்கள், திருப்பூர் பனியன் கம்பெனிகள், பாலக்காட்டு கோச்சிங் சென்டர்கள் என எல்லைக்கு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள்.

ஊரடங்குக்கு முன்னால் இந்தப் பகுதியில் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்தது கான்கால் எனும் போன் கான்பரன்ஸ் மட்டும்தான். ஒரு நம்பருக்கு அடித்து, ரகசிய எண்ணை (PIN) அழுத்தி உள்ளே போக வேண்டும். எத்தனை பேர் எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று கணக்குப் பார்த்து பில் வரும். வீடியோ என்றால் பெரிய கம்பெனியின் போர்டு ரூமில் இருக்கும் விலை உயர்ந்த பெட்டி என்றுதான் நினைத்தார்கள்.

பிறகு வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட்கள் எல்லாம் ஒரே சமயத்தில் இறுகின. பாஸ் இல்லாமல் யாரும் கடக்க முடியாது. கோவையில் குடியிருந்து கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்குப் போய்வந்த மேனேஜர்கள் நிறையப் பேர். தினமும் போய்வந்த தூரம் அவர்களுக்கு எட்டாத தூரமாகிவிட்டது. அந்த வாரங்களில் நாங்கள் யாரிடமும் போய் விற்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுத்து விலை சொன்னால் போதும்.

உலகம் முழுக்க இதேதான் நடந்தது. ஜூம் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிதியாண்டு ஜனவரியில் முடிகிறது. 2020 ஜனவரியில் முடிந்த ஆண்டில் வருமானம் சுமார் 62 கோடி டாலர். அடுத்த வருடம் 265 கோடி, அதற்கடுத்த வருடம் 410 கோடி. அப்புறம்? 2023இல் 439, 2024இல் 453, 2025இல் 467. வருமானம் குறையவில்லை, ஆனால் நாலு மடங்கு வளர்ந்த கம்பெனி நூற்றுக்கு மூன்று என்ற வேகத்துக்கு இறங்கிவிட்டது. 2023 பிப்ரவரியில் 1,300 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 2020 அக்டோபரில் 560 டாலரைத் தாண்டிய பங்கு, பிறகு 100 டாலருக்குக் கீழே வந்தது. இந்தத் தொழிலே முடிந்துவிட்டது என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மாதம் போனால் பணம் தரும் வாடிக்கையாளர்கள் இவ்வளவு பேரை வைத்திருக்கிற வியாபாரத்தை முடிந்த வியாபாரம் என்று எப்படிச் சொல்வது? வளர்ச்சி நின்றதற்கான காரணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் காரணத்தைத் திருப்பூரில் ஒரு கம்பெனி முதலாளி ரினியூவல் கேட்டுப் போனபோது நேராகவே சொன்னார். "தம்பி, மெயிலோடயே அது சும்மா வருதுங்களே, உங்களுக்குத் தனியா எதுக்குங்க கட்டணும்?" மைக்ரோசாப்ட் டீம்ஸ் ஆபீஸ் தொகுப்போடு வந்துகொண்டிருந்தது. கூகுள் மீட் 2020 மே மாதத்தில் எல்லாருக்கும் இலவசமானது. ஐரோப்பாவில் எழுந்த போட்டிச் சட்டப் புகாருக்குப் பிறகு டீம்ஸைப் பிரித்து விற்க ஆரம்பித்தார்கள், ஆனாலும் பழக்கப்பட்டவர்கள் மாறுவது அபூர்வம். பெரிய நிறுவனங்களுக்கே இந்த இடத்தில் கால் வழுக்கியிருக்கிறது. அமெரிக்க டெலிபோன் கம்பெனியான வெரைசன் 2020இல் வாங்கிய புளூஜீன்ஸ் என்ற வீடியோ மீட்டிங் சேவையை மூடிவிட்டது. மைக்ரோசாப்ட் 2011இல் 850 கோடி டாலர் கொடுத்து வாங்கிய ஸ்கைப் 2025 மே மாதத்தோடு நின்றது.

இரண்டாவது காரணம் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்தத் தொழிலில் அழைக்கிறவர்தான் பணம் கட்ட வேண்டும், அழைக்கப்படுகிறவருக்குச் செலவே கிடையாது. ஏற்றுமதியாளருக்கு வெளிநாட்டு பையர் லிங்க் அனுப்பினால் இவர் கிளிக் செய்து உள்ளே போனால் போதும். ஊரடங்கில் பத்து ஹோஸ்ட் லைசென்ஸ், அதாவது மீட்டிங்கைக் கூட்டி நடத்துகிறவருக்கான லைசென்ஸ், வாங்கியவர்களுக்கு நிஜத்தில் ஒன்றோ இரண்டோ போதும் என்பது வருடம் திரும்பியதும் தெரிந்துவிட்டது. அவர்கள் எண்ணிக்கையைக் குறைத்தபோது எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் செய்தது சரி.

அப்படியானால் யார் விடாமல் புதுப்பிக்கிறார்கள்? மீட்டிங்கே தொழிலாக இருப்பவர்கள். பாலக்காட்டு கோச்சிங் சென்டருக்கு மாலை வகுப்பு பத்து நிமிடம் நின்றால் பெற்றோர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஆன்லைனில் நோயாளி பார்க்கும் டாக்டருக்கு இலவச மீட்டிங்கின் 40 நிமிடக் கணக்கோடு மல்லுக்கட்ட நேரமில்லை. வருடாந்திரப் பொதுக்குழுவை வீடியோவில் நடத்த கம்பெனி விவகார அமைச்சகம் 2020இல் அனுமதி கொடுத்து, பிறகு நீட்டித்துக்கொண்டே வந்தது. பங்குதாரர்கள் ஓட்டுப் போடும் கூட்டத்தில் லைன் அறுந்தால் என்ன ஆகும் என்று கம்பெனி செக்ரட்டரிகளுக்குத் தெரியும். இவர்களில் யாரும் என்னிடம் தள்ளுபடி கேட்பதில்லை. பிரச்சினை வந்தால் யாரை அழைப்பது, எவ்வளவு நேரத்தில் எடுப்பீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். லைசென்ஸ் எண்ணிக்கை விற்பனையை மட்டும் நம்பும் கம்பெனிக்கு இனி வளர்ச்சி இல்லை என்றும், சப்போர்ட்டுக்கு ஆள் போடும் கம்பெனிக்கு இடம் நிறைய இருக்கிறது என்றும் நான் நினைப்பதற்கு இவர்கள்தான் காரணம். எங்கள் துறையில் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது சப்போர்ட்டில் என்பது எனக்கு ஆறாத மனக்குறை.

இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் மத்திய அரசு நடத்திய வீடியோ கான்பரன்சிங் போட்டியில் வென்றது ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்ஷியா நிறுவனத்தின் வி-கன்சோல் என்ற மீட்டிங் செயலி. பரிசு 1 கோடி ரூபாய். பெருநகரத்தில் இல்லாத ஒரு கேரள நிறுவனம் அதைச் செய்தது எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது. இப்போது பெரிய கம்பெனிகள் எல்லாம் மீட்டிங் குறிப்பை ஏஐ எழுதித் தரும் என்று விற்கின்றன. கஞ்சிக்கோட்டில் ஒரு உற்பத்திக் கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். சூப்பர்வைசர் தமிழில் ஆரம்பிப்பார், மேனேஜர் மலையாளத்தில் பதில் சொல்வார், கான்ட்ராக்டர் நடுவில் இந்தி பேசுவார், அளவுகளும் தேதிகளும் இங்கிலீஷில் வரும். அந்தக் கூட்டத்தின் குறிப்பை நான் பார்த்தவரை எந்தக் கருவியும் ஒழுங்காக எழுதவில்லை. கொழிஞ்சாம்பாறையில் பிறந்த பையன் எந்த யோசனையும் இல்லாமல் புரிந்துகொள்ளும் பேச்சு அது. இதைச் சரியாகக் கேட்டு எழுதும் சேவையை யார் முதலில் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு வாளையாற்றில் இருந்து செங்கோட்டை வரை எல்லை நெடுக வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். விலை எவ்வளவு என்று இப்போதே என்னிடம் இரண்டு தொழிற்சாலைகள் கேட்டு வைத்திருக்கின்றன.