"கூட யார் வந்திருக்காங்க?"

எனக்கு இருமுனை மனநோய் (பைபோலார்): சில நாள் அளவு மீறிய வேகம், சில நாள் எழ முடியாத சோர்வு. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்திருக்கிறேன். பாங்க் கணக்கு, கேஸ் புக்கிங், கரண்ட் பில் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் போன வருடம் நான் ஏறி இறங்கிய ஒவ்வொரு அலுவலகத்திலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கூட யார் வந்திருக்காங்க?" யாரும் வரவில்லை என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. "வீட்டு ஆளைக் கூட்டிட்டு வாம்மா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில் இருக்க முடியாமல் போனது. அதை இங்கே விரிக்க விருப்பமில்லை. எனக்குத் தேவைப்பட்டவை யூடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), மாத உதவித்தொகை, தங்க ஓர் இடம். ஒருவழியாக எல்லாம் கைக்கு வந்துவிட்டன. கூட வர ஆள் இல்லாத வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மருந்து விஷயத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா ஆஸ்பத்திரிக்கே டாக்டர் வருகிறார், மாத்திரை இலவசம். லித்தியம் (மனநிலையைச் சீராக வைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். இரவு போட்டுவிட்டு, காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். லேபில் யாரும் இதைச் சொல்வதில்லை. அளவு தப்பாக வந்தால் டோஸை மாற்றிவிடுவார்கள்.

அடுத்தது அட்டைக்கான மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போட்டேன். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. மையத்தில் இருந்த பையன் மனநோய் என்பதற்குப் பதிலாக அறிவுசார் குறைபாடு என்பதில் டிக் அடித்துவிட்டான். மெடிக்கல் போர்டு (சான்று தரும் டாக்டர்கள் குழு) நாளன்று வரிசையில் நின்று, என் முறை வந்து, உள்ளே போன பிறகுதான் அது தெரிந்தது. அன்றைய பொழுது வீண். ஒப்புகைச் சீட்டு கையில் வந்ததும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன் வகை, பெயர், தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரி மூன்றையும் வாசித்துப் பாருங்கள்.

திருத்திய பிறகு மறுபடியும் போனேன். கவுண்டரில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பார்த்தா நல்லாத்தானே இருக்கே, உனக்கெதுக்கு இது?" என்றார். அன்று நான் இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தேன். தலை சீவிப் பூ வைத்திருந்தேன். கந்தலோடு வந்திருந்தால் நம்பியிருப்பார் போல. பதில் சொல்லாமல் ஓ.பி. சீட்டை நீட்டினேன்.

உள்ளே இருந்த டாக்டர் நேர்மாறு. ஐடியாஸ் என்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை ஆகிய நான்கிற்கும் தலா 4 வரை மதிப்பெண். நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண். கூட்டுத்தொகை 7 வந்தால்தான் 40 சதவீதம். உதவித்தொகை முதல் எதற்குப் போனாலும் அந்த 40 வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் போய் உட்கார்ந்து, "எல்லாம் நானே செஞ்சுக்கறேன் சார்" என்று பெருமையாகச் சொல்லி வைக்காதீர்கள். படுக்கையை விட்டு எழ முடியாத வாரங்கள், மூன்று ராத்திரி தூங்காமல் பீரோவைக் காலி செய்தது, சூப்பர்வைசரிடம் கத்தி வேலையை விட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அது பொய் சொல்வதாகாது. போன சில வருடங்களைச் சேர்த்துத்தான் அவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

எத்தனை வருடம் என்பதற்கு என்னிடம் காகிதம் இல்லை. பழைய சீட்டுகளை எல்லாம் அண்ணி பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். இருபது வயதில் என்னை உள்நோயாளியாகச் சேர்த்த அரசு ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறைக்குப் போனேன். "கோர்ட் ஆர்டர் இருக்கா? சொந்தக்காரங்க யாராவது வந்திருக்காங்களா?" என் கேஸ் ஷீட்டை நான் கேட்க அண்ணன் எதற்கு? தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்த சமூகப் பணியாளர்தான் வழி சொன்னார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25இன்படி நம் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கே உண்டு. அதைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதி, ஆதார் ஜெராக்ஸோடு தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். முத்திரை விழுந்த காகிதத்துக்குத் தனி மரியாதைதான். அடுத்த முறை அதே மனிதர் நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து ஒரு காகிதக் கட்டை இறக்கினார். தூசு தட்டிப் பிரித்தால் அட்மிஷன் தாளில் அம்மாவின் கையெழுத்து, கோணலும் மாணலுமாக. டிஸ்சார்ஜ் சம்மரியின் சான்றிட்ட நகல் கிடைத்தது. போர்டில் அதைக் காட்டியதும் வேலை முடிந்தது. மஞ்சள் பட்டை போட்ட அட்டை பிறகு தபாலில் வந்தது.

இனி வீடு. இதில்தான் நான் அதிகம் நொந்தேன்.

பெண்கள் விடுதி ஒன்றில் இடம் கிடைத்தது. அறைத்தோழி என் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு வார்டனிடம் சொல்ல, மாதம் முடிவதற்குள் காலி செய்யச் சொன்னார்கள். முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் யாரோ சொன்னதை நம்பி ஒரு தனியார் இல்லத்துக்குப் போனேன். வாசலில் கோலம், உள்ளே சாமி படம், பார்க்க அம்சமாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேருக்கும் முடி கழுத்தளவில் ஒரே மாதிரி வெட்டப்பட்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே நிற நைட்டி. "பேன் வரும், அதான்" என்றார் அங்கிருந்த அம்மா. நாற்பது பேர் சமையலுக்குக் காய் நறுக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அவர்கள்தானாம். சம்பளம் என்று கேட்டதற்கு, "இது தெரபிம்மா" என்று பதில் வந்தது.

அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 20இல் இவை எல்லாம் இருக்கின்றன: கட்டாயமாக முடி மழிக்கக் கூடாது, விரும்பினால் சொந்தத் துணி உடுத்தலாம், தகுந்த ஊதியம் இல்லாமல் வேலை வாங்கக் கூடாது, பெண்களுக்கு நாப்கின் தர வேண்டும். இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டியிருக்கிறதே என்று கோபம் வரும். ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தீயில் வெந்த நாட்டில் எழுதித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. நான் பையைக்கூட இறக்கி வைக்காமல் திரும்பி வந்தேன். எந்த இல்லமாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள். அங்கே இருப்பவர்களிடம் இல்லத்து ஆள் பக்கத்தில் இல்லாமல் இரண்டு நிமிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச விடவில்லை என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, கிளம்பிவிடுங்கள்.

சமூகப் பணியாளர் மூலமாகவே கடைசியில் வேறு ஒன்று தெரிய வந்தது. சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீடு. சில பெண்கள் சேர்ந்து இருக்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனத்தின் பணியாளர் வந்து போகிறார், சமையலும் வரவு செலவும் அவரவர் பொறுப்பு. போய்ப் பார்த்தேன், பிடித்தது. ஆனால் சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் "பொறுப்பாளர் கையொப்பம்" என்று ஒரு கட்டம். நிர்வாகி தன்மையாகத்தான் பேசினார். ஆனால் பிடியை விடவில்லை. "ரத்த சொந்தமா இருக்கணும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா நாங்க யாரைக் கேட்கிறது?" அண்ணனுக்குப் போன் போட்டேன். "கையெழுத்துப் போட்டா நாளைக்குக் காசும் கேப்பாங்க" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில்தான் அதே சட்டத்தின் பிரிவு 14 கைகொடுத்தது. பதினெட்டு வயதான யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை (மனநலச் சிகிச்சை விஷயத்தில் நம் பக்கம் நிற்க நாமே தேர்ந்தெடுக்கும் ஆள்) வைத்துக்கொள்ளலாம். அவர் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. மேஜராக, பொறுப்பை ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும், எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அவ்வளவுதான். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சட்டமே சொல்கிறது. நாம் யாரையும் நியமிக்காதபோதுதான் உறவினர் முறை வருகிறது. பிடிக்காவிட்டால் நாமே மாற்றவும் செய்யலாம்.

கம்பெனியில் என்னோடு செக்கிங் டேபிளில் நின்ற ஓர் அக்கா இருக்கிறார். கேட்டதும், "இதுக்கென்ன, எங்க போடணும் சொல்லு" என்றார். டீ குடிக்கும் இடைவேளையில் கம்பெனி வாசலில், மெஷின் ஆயில் பட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நிர்வாகி அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டாம்ப் பேப்பர்ல இல்லையே?" சட்டப் பிரிவை நான் ஜெராக்ஸ் எடுத்துக் கோடு போட்டு வைத்திருந்தேன், அதையும் நீட்டினேன். சமூகப் பணியாளருக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு, கட்டத்தில் அக்காவின் பெயரை அவரே எழுதினார். எனக்கு உள்ளுக்குள் விசில் அடிக்கலாம் போல இருந்தது.

உதவித்தொகையில் முகவரிதான் தகராறு. வருவாய்த்துறை மூலம் மாதம் 1,500 ரூபாய், 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, உதவித்தொகையைக் கவனிக்கும் தனி தாசில்தாருக்குப் போக வேண்டும். என் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் அண்ணன் வீட்டு முகவரி. இப்போது இருக்கும் வீட்டுப் பக்கத்து வி.ஏ.ஓ., "நீங்க என் கிராமத்துலயே இல்லையே" என்றார். அண்ணன் வீட்டுப் பக்கத்து வி.ஏ.ஓ., "நீங்க இங்க குடியிருக்கலையே" என்றார். வாடகை ஒப்பந்தம் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் அதுவும் செல்லாது. இதற்கு ஆதார் தரப்பே ஒரு சான்றுப் படிவம் வைத்திருக்கிறது. புகைப்படம் ஒட்டி, வார்டு கவுன்சிலரோ எம்.எல்.ஏ.வோ கையெழுத்துப் போட்டால் முகவரிச் சான்றாக ஏற்கிறார்கள். முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழ வேண்டும். தேதி போட்டு மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கவுன்சிலர் வீட்டில் காலை ஏழரைக்கு முன் போனால் ஆள் இருப்பார், அதற்கப்புறம் பிடிக்க முடியாது. ஆதார் மாறியதும் மற்றது தானாக நகர்ந்தது.

ராத்திரியில் தலைக்குள் சத்தம் ஏறி, பேச ஆள் இல்லாதபோது 14416க்கு அடியுங்கள். டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுகிறார்கள். கூட யார் இருக்காங்க என்று அவர்களும் கேட்டார்கள். ஆனால் அது நான் பத்திரமாக இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளக் கேட்டது, அந்த வித்தியாசம் குரலிலேயே தெரிந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எனக்குக் கொடுத்திருப்பது தற்காலிகச் சான்று. காலாவதியானால் உதவித்தொகையும் நின்றுவிடும் என்று தனி தாசில்தார் ஆபீஸில் இருந்த பெண் இப்போதே எச்சரித்து அனுப்பினார். உங்கள் சான்றிலும் கீழே சின்ன எழுத்தில் தேதி இருக்கும், பாருங்கள். போர்டு தேதி கிடைக்கவே நாளாகும் என்பதால் நான் மூன்று மாதம் முன்னதாகவே போனில் அலாரம் வைத்துவிட்டேன்.